முப்பத்தொரு கலரும் வனஜாவின் வலது கையும்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸ் என்னை மறந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். போன வாரம் ஹேமலதா போன் செய்தாள். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். "சார், மத்த எடிட்டர்ல எல்லாம் கலர் கலரா வருது. நம்ம எடிட்டர்ல மட்டும் ஏன் சார் நாலே நாலு? இன்னும் ஒரு பத்து சேத்துடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்த விஷயம் எனக்கே இன்றுவரை முழுசாக விளங்கவில்லை.

என் உத்தியோகக் கதையின் முதல் பதினைந்து வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புத்தூர் பக்கம் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். அந்த விரல் வேகத்தை நம்பி ஒரு சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராம்களை அடித்து அடித்தே எழுதவும் கற்றுக்கொண்டேன். ஆலை மூடியதும் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனி. குடியிருப்பு மட்டும் சித்தூரிலேயே. காலை ரயிலில் ஏறினால் பாகாலா, சந்திரகிரி தாண்டி ஆபீஸ். ஓய்வு பெறும் வரை அதே ரயில், இடம் கிடைத்தால் அதே ஜன்னல்.

கம்பெனி ஆஸ்பத்திரி லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இது கம்மி, இது அதிகம் என்று அச்சாகி வருகிறதே, அதை முடிவு செய்யும் விதிகளை எழுதுவது எங்கள் வேலை. அதற்கென்று எங்களுக்குள் ஒரு குட்டி மொழி வைத்திருந்தோம். அதை எழுத நாங்களே செய்துகொண்ட எடிட்டர். எடிட்டர் என்றால் பெரிய சமாசாரம் இல்லை, ப்ரோக்ராம் எழுதுகிற நோட்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும். அடிக்கிற சொல் என்ன வகை என்று பார்த்து அதுவே கலர் போடும். கட்டளை நீலம், எண் சிவப்பு, இப்படி. படிக்கிறவன் கண்ணுக்கு வேலை குறையட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கலர் பகுதியை எழுதியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்கள் மேலதிகாரி பாஸ்கர் சார். தெலுங்குக்காரர், தமிழில் ஆரம்பிப்பார், பாதியில் தெலுங்குக்குத் தாவிவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன புகாரோடு போனாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே கேள்விதான் கேட்பார். "சூசாவா, அனுகுன்னாவா?" பார்த்தாயா, இல்லை நீயாக நினைத்துக்கொண்டாயா என்று அர்த்தம். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு திரும்பி வந்துவிடுவார்கள்.

அவர் போட்டு வைத்த சட்டங்கள் இரண்டு. முதலாவது, எந்த வரியையும் அழிக்கக் கூடாது. எப்போதோ ஒருத்தன் இனி இது எதற்கு என்று ஒரு விதியை அழித்துவிட, மறுவாரமே ஓர் ஆஸ்பத்திரி அதைக் கேட்டதாம். அன்றிலிருந்து "தீசேயகண்டி, மூசேயண்டி" என்றார். எடுக்காதீர்கள், மூடி வையுங்கள். ஒரு வரி வேண்டாமென்றால் அதன் முன்னும் பின்னும் ஒரு குறி போட்டு, தேதியும் நம் பெயரின் முதல் எழுத்தும் எழுதிவிட வேண்டும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. நாங்கள் இதற்குப் போர்வை போடுவது என்று பெயர் வைத்திருந்தோம். "அந்த லைனுக்குப் போர்வ போட்டாச்சா?" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு டீ கொண்டு வருபவர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்.

இரண்டாவது சட்டம், அடுத்தவர் ஃபைலில் கை வைக்கக் கூடாது. யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் தொட வேண்டும். இரண்டுமே நல்ல சட்டங்கள்தான். இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆரம்பத்தில் எடிட்டரில் ஐந்து கலர். அப்புறம் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். தேதிக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றான் ஒருவன். ஆஸ்பத்திரி பெயருக்கு ஒன்று, மில்லிகிராம் மாதிரி அளவுகளுக்கு ஒன்று. கடைசியில் போர்வைகளுக்கும் ஆளுக்கொரு கலர் கேட்டார்கள், யார் மூடியது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். பாஸ்கர் சாருக்கு ஊதா, எனக்குப் பச்சை, வனஜாவுக்கு ஆரஞ்சு. கேட்டதும் செய்துகொடுக்கிறவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. ஸ்க்ரீன் திருவிழாக் கடை போல இருந்தது.

வனஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்காருபாளையத்துப் பெண், பாகாலாவில் வாழ்க்கைப்பட்டவள், என் ரயிலில்தான் வருவாள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை. அவளும் என்னைப் போல டைப்ரைட்டிங் முறையாகப் படித்தவள். ஆனால் எனக்கு ஸ்க்ரீனைப் பார்த்து நின்று நின்று அடிக்கிற பழக்கம் வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. லேப்காரர்கள் அனுப்பிய காகிதத்தை இடது பக்கம் வைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் கடகடவென்று அடிப்பாள். பக்கம் முடிந்த பிறகுதான் தலை நிமிரும். ஆபீசிலேயே வேகமான கை அது. அதனாலேயே எங்கள் மிகப் பழைய, மிகப் பெரிய ஃபைலை அவள் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். பல ஆயிரம் வரி. அதில் முக்கால்வாசி போர்வைக்கு அடியில் கிடந்தது.

அவள் முதன்முதலில் என்னிடம் சொன்னது ரயிலில். "சார், நான் பாட்டுக்கு அடிச்சிக்கினு போறேன், எழுத்து பின்னால நடந்து வருது."

மறுநாள் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஃபைலைத் தொடக் கூடாது என்பதால் புதிதாக ஒரு காலி ஃபைல் திறந்து பத்து வரி அடித்தேன். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. "உன் மெஷின்ல ஒண்ணுமில்லம்மா" என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி காலி ஃபைல், மறுபடி அதே பதில். மூன்றாவது முறையும் அதையே சொன்னேன், அப்போது அவள் கேட்ட விதமே வேறாக இருந்தது. "மெஷின்ல ஒண்ணுமில்லன்னா, என் கையில எதனா இருக்குமா சார்?" எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "யாருக்காவது காட்டிப் பாரேன்" என்று சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வேலையில் தப்பு வர ஆரம்பித்தது. ஒருநாள் சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பிலிருந்து போன். "ஏம்ப்பா, காலைலருந்து வந்தவன் அத்தினி பேருக்கும் பொட்டாசியம் கம்மின்னே வருது. ஊரே படுத்துக்கினு கீதா?" போய்ப் பார்த்தால் மூன்றரை என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து. புள்ளியைக் காணோம். நல்லவேளை, எந்த ரிப்போர்ட்டும் நோயாளி கைக்குப் போகவில்லை.

பாஸ்கர் சார் வனஜாவைக் கூப்பிட்டு அவளுடைய வேகமும் குறைந்திருக்கிறது, தப்பும் கூடியிருக்கிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வருகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். அவள் கை சரியில்லை என்று மட்டும் சொன்னாள். டாக்டரிடம் காட்டியிருந்தாள். வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, சின்ன ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்களாம். ஆபீஸ் மொத்தமும் ஆறுதல் சொன்னது. நானும் சொன்னேன், "கை சரியானா எல்லாம் சரியாயிடும்" என்று. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அவள் லீவில் போனாள். பாஸ்கர் சார் முறைப்படி எழுதிக் கொடுத்து அவளுடைய ஃபைலை என் பொறுப்பில் விட்டார். திருப்பதி லேப் ஒன்றின் காகிதம் வந்திருந்தது, அவசரம். ஃபைலின் அடியில் போய் நின்றுகொண்டு, பழைய நாள் ஞாபகத்தில் காகிதத்தைப் பார்த்தபடியே இரண்டு வரி அடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முதல் வரி பாதிதான் வந்திருந்தது. மிச்ச எழுத்துகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது என் விரல்களைத்தான். எனக்கும் நரம்புக் கோளாறோ என்று கையை உதறினேன். மெஷினை நிறுத்திப் போட்டேன். காலி ஃபைலில் அடித்தேன், பளிச்சென்று வந்தது. அவள் ஃபைலில் அடித்தேன், நத்தை. காலியில் நன்றாக, இதில் நத்தையாக. கை ஒன்றுதானே, மெஷினும் ஒன்றுதானே? மண்டை காய்ந்துபோயிற்று. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, எதற்கும் பார்ப்போம் என்று கலரை மொத்தமாக அணைத்தேன். எழுத்து விரலுக்கு அடியிலேயே வந்து நின்றது. கலரைப் போட்டேன். மறுபடி நத்தை.

அப்புறம்தான் நான் எழுதியதை நானே உட்கார்ந்து படித்தேன். ஓர் இடத்தில் ஓர் எழுத்து அடித்தால், அந்த இடம் போர்வைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எடிட்டருக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள நான் அதற்குச் சொல்லியிருந்த வழி, ஃபைலின் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வா என்பது. சின்ன ஃபைலில் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. வனஜா ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் அது பல ஆயிரம் வரியைப் படித்தது. அதுவும் சும்மா படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நீ தேதியா, ஆஸ்பத்திரியா, அளவா, ஆரஞ்சா, ஊதாவா என்று முப்பத்தொரு தடவை கேட்டது. யாருமே ஒரு வரியையும் அழிக்காத ஃபைல் அது. நின்று நின்று அடிக்கிற எங்களுக்கு அது தெரியவில்லை, காகிதத்தைப் பார்த்து ஓட்டமாக அடிக்கிறவளைத்தான் பிடித்துக்கொண்டது. புள்ளி காணாமல் போன கதையும் புரிந்தது. தவறி இரண்டு புள்ளி அடித்திருப்பாள். கை தவறியது தெரிந்து நிமிர்ந்து, ஒன்றை அழிக்க ஒரு முறை தட்டியும் ஸ்க்ரீனில் அது போகவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு மெஷின் மெதுவாக வந்து இரண்டு தட்டலையும் நிறைவேற்றி, இரண்டு புள்ளியையும் தின்றுவிட்டது.

பாஸ்கர் சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சூசாவா, அனுகுன்னாவா?"

"பார்த்தேன் சார்."

"நாக்கு கூட சூப்பிஞ்சு." எனக்கும் காட்டு.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னையும் சேர்த்து மூன்று பேரை உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரே காகிதம், வனஜாவின் ஃபைலின் பிரதி. "கலர் தீசி ஒகசாரி, கலர் பெட்டி ஒகசாரி" என்றார். கலரில்லாமல் ஒரு தடவை, கலரோடு ஒரு தடவை. எது முந்தி, எது பிந்தி என்பதைக்கூட ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார், கை பழகிப்போய் வேகம் கூடிவிட்டால் கலர்மேல் பழி போடக் கூடாது என்று. எனக்குக் கலர் போட்டால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு ஆயிற்று. இன்னொரு பெண்ணுக்கும் அப்படியே. ஆனால் சிவா என்று ஒருவன், இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவன், அவனுக்கு இரண்டு தடவையும் ஒரே நேரம். போதாக்குறைக்குக் கலர் இல்லாதபோது மேற்கோள் குறியை மூடாதது கண்ணில் படாமல் இரண்டு தப்பு வேறு செய்தான். அப்படியானால் கலர் நல்லதா கெட்டதா?

பிறகு ஒவ்வொரு கலராக அணைத்து, அது போனால் யாருக்குத் தப்பு கூடுகிறது என்று பார்த்தோம். இருபத்தேழு கலர் போனதை ஒருவருடைய கையும் உணரவில்லை. மிஞ்சியவை நான்கு: கட்டளை, எண், மேற்கோளுக்குள் இருப்பது, போர்வை. போர்வை முழுக்க ஒரே சாம்பல், உள்ளே இருக்கும் சொற்களை எடிட்டர் படிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வரி முடிவிலும் உள்ளேயா வெளியேயா என்று குறித்து வைத்துக்கொள், அடுத்த முறை அங்கிருந்து ஆரம்பி என்று மாற்றி எழுதினேன். இரண்டு நாள் வேலை. முடித்தபோது வனஜாவின் ஆபரேஷனுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"அவகிட்ட நீங்க சொல்றீங்களா சார்?" என்று கேட்டேன்.

"நுவ்வே செப்பாலி" என்றார். நீதான் சொல்ல வேண்டும். "டாக்டர் விஷயம் நமக்குத் தெரியாது. நம்ம தப்ப மட்டும் சொல்லு."

அன்று சாயங்காலம் பாகாலாவில் இறங்கினேன். வனஜா வீட்டில் அவளும் அவள் கணவனும் இருந்தார்கள். அவர் மாங்காய் மண்டியில் எடை பார்க்கிறவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "காபி குடிச்சிட்டுப் பேசுங்க சார்" என்றார். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காலி ஃபைல், போர்வை, முப்பத்தொரு கலர், புள்ளி. என் தப்பு என்று சொன்னேன்.

"அப்ப என் கைல ஒண்ணுமில்லியா சார்?"

இதைத்தான் கேட்பாள் என்று தெரியும், கையில் ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகச் சொல்லலாம் என்றும் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதற்குள் அவள் டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். நரம்பைச் சோதித்த முடிவு. அழுந்துகிறது என்றுதான் போட்டிருந்தது. "காத்தால எழுந்தா மூணு வெரல் மரத்துப் போய் கெடக்குது சார். அது பொய் இல்லியே."

"பொய் இல்லம்மா."

"எழுத்து வரலன்னு நான் குத்து குத்துன்னு குத்திக்கினு இருந்தேன். அதுல கை கெட்டிச்சா? இல்ல மொதல்லயே கெட்டிருந்து, மிஷினும் லேட்டா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலக் கேட்டாள். "நீங்க எப்ப சார் அந்த ஆரஞ்சு கலர் போட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். சங்கராந்தி கழிந்து என்று நினைக்கிறேன் என்றேன். விரல் மரத்தது எப்போதிலிருந்து என்று அவள் கணவனைக் கேட்டாள். உகாதி சமயம் என்றார் அவர். இல்லை, அதற்கு முந்தியே என்றாள் அவள். மூன்று பேரும் மாதங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை.

"நாளன்னிக்குப் போவட்டா, வாணாமா? நீங்களே சொல்லுங்க சார்."

வாழ்க்கையில் அவ்வளவு குழம்பிப்போய் நான் உட்கார்ந்ததில்லை. போ என்றால் என் தப்புக்காக அவள் கையை அறுக்கச் சொல்கிறேனோ என்று பயம். போகாதே என்றால் உள்ளபடியே கெட்ட கையைக் கெடுத்துவிடுவேனோ என்று அதைவிடப் பெரிய பயம். டாக்டரிடம் நான் சொன்னதை அப்படியே சொல்லிக் கேள் என்றேன். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

டாக்டர் ஒரு மாதம் பட்டி கட்டிப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார். வனஜா கையில் பட்டியோடு வேலைக்கு வந்தாள். பாஸ்கர் சார் அவளுடைய ஒப்பந்தக் காகிதத்தில், தவறு எடிட்டருடையது, ஆளுடையது அல்ல என்று தன் கையால் எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. மாதக் கடைசியில் மரத்துப்போவது பாதி குறைந்தது, பாதி குறையவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்துதான் கொண்டாள். ஏழெட்டு வாரத்தில் கை தேறிவிட்டது. எதனால் வந்தது என்று டாக்டரையும் கேட்டாளாம், அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றாராம்.

திரும்பி வந்த அன்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான்கே கலர், பழைய அதே பெரிய ஃபைல். காகிதத்தை இடது பக்கம் வைத்தாள். ஒரு வரி அடித்தாள். நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி, எழுத்து வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. அடுத்த வரி அடித்தாள். மறுபடி நிறுத்தினாள், மறுபடி பார்த்தாள்.

"எல்லாம் உடனே வந்துடும்மா, பாக்காமயே அடி" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். "வேணும்னு பாக்கல. தானா நிமிருது."

நான் ஓய்வு பெறுகிற நாள் வரை அப்படித்தான் அடித்தாள். வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். உன் மெஷினில் ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சொன்னவன் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.